ஆம்ப் எங்கே வைப்பது

மார்ச் 3

தம்பிக்கு,

நலமா என்று கேட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். கேட்டதாக வைத்துக்கொள். நீ முன்பு வேலை பார்த்த கார் ஆடியோ கடை முதலாளியிடம் உன் விலாசம் வாங்கினேன். கொடுக்கும்போது மனிதர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். போனில் பேசலாமே என்றார். பேசினால் இரண்டாவது வார்த்தையில் சண்டை வரும். நான் நம்பரை மாற்றியதே அதற்குத்தான். கடிதம் என்றால் இடையில் புகுந்து பேச முடியாது பார்.

விஷயம் இதுதான். வேறொரு பிக்கப் வாங்கியிருக்கிறேன். இதுவும் பழையதுதான், ஆனால் கேபின் முன்னதைவிடக் கொஞ்சம் பெரிது. அதே மெத்தைக் கடைக்குத்தான் மறுபடியும் ஓட்டுகிறேன். உன் அண்ணி வண்டியில் பாட்டு வேண்டும் என்கிறாள். ரேடியோ இருக்கிறது, அதில் பாட்டு கொசு பாடுகிற மாதிரி வருகிறது. பழைய ஆம்ப்ளிஃபயரைத்தான் மாட்ட வேண்டுமாம். நொறுங்கிய வண்டியை எடைக்குப் போட்டபோது, ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டே சகலையை அனுப்பி அதைக் கழற்றி வாங்கி வைத்திருக்கிறாள். இரண்டு வருடமாக அது பீரோ மேல் ஒரு போர்வைக்குள் இருந்திருக்கிறது. எனக்குப் போன மாதம்தான் தெரியும்.

கடைத்தெருவில் ஒருவனைக் கேட்டேன். "சீட்டுக்கு அடியில போட்டுடலாம் சார், யாருக்கும் தெரியாது" என்றான். பாதி டீயில் எழுந்து வந்துவிட்டேன். வீட்டில் சொன்னால் உன் அண்ணி, "அவன்கிட்ட கேட்டுத்தான் வைக்கணும். மத்தவங்க யாரும் தொடக் கூடாது" என்கிறாள். அவளுக்காக எழுதுகிறேன். எங்கே வைப்பது என்று மட்டும் எழுது.

நடந்ததை நான் மறந்துவிட்டதாக நினைத்துக்கொண்டு பதில் எழுதாதே. அந்த ஆம்ப்பை அவள் சீட்டுக்கு அடியில் வைத்தவன் நீ. சீட் பின்னால் நகராமல் நின்றது. நின்றிருந்த லாரியில் நான் போய் இடித்தபோது அவள் முழங்கால் இரண்டும் டாஷ்போர்டில் மாட்டின. "நாலு விரக்கடை பின்னால உக்காந்திருந்தா கால் தப்பிச்சிருக்கும்" என்று டாக்டர் சொன்னபோது நீயும் பக்கத்தில்தான் நின்றாய்.

அண்ணன்

மார்ச் 14

அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. கையெழுத்தைப் பார்த்ததும் ஏதோ கெட்ட செய்தி என்று நினைத்து, மதியம்வரை பிரிக்காமல் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன்.

கேட்டதற்குப் பதில். சீட்டுகளுக்குப் பின்னால், கேபினின் பின்சுவரில் வைக்கலாம். நேராகத் தகரத்தில் முடுக்க வேண்டாம். ஒரு பலகையைச் சுவரில் பொருத்தி, அதன்மேல் ஆம்ப் இருக்கட்டும். நான்கு பக்கமும் மூன்று விரல் இடைவெளி வேண்டும், அது சூடாகும், காற்று வேண்டும். அதன்மேல் துணி எதையும் போடக் கூடாது. பேட்டரியிலிருந்து வரும் வயரில், பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் இருக்க வேண்டும். ஆம்ப்புக்குப் பக்கத்தில் ஃபியூஸ் வைத்தால் நடுவில் வயர் உரசித் தீப்பிடிக்கும்போது அது பார்த்துக்கொண்டுதான் இருக்கும். பேட்டரி வயர் ஒரு பக்கமாகவும் பாட்டு வரும் வயர் மறு பக்கமாகவும் போகட்டும். சேர்ந்து போனால் நீங்கள் ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் விசில் கேட்கும். எர்த் வயரைப் பெயின்ட் சுரண்டிய இடத்தில் முடுக்குங்கள். படம் வரைந்து வைத்திருக்கிறேன்.

டாஷ்போர்டுக்கு அடியில் வேண்டாம், அண்ணி கால் படும். பின்னால் சரக்குத் தொட்டியில் வேண்டாம், மழை. சீட்டுக்கு அடியில் எந்த சீட்டானாலும் வேண்டாம்.

நான் இப்போது ஆடியோ வேலை பார்ப்பதில்லை. பஸ்ஸுக்குக் கூண்டு கட்டும் பட்டறையில் விளக்கு வயரிங் செய்கிறேன். மாடிப்படிக்குக் கீழே ஒரு அறை, மூன்று பேர். என் கட்டிலில் நேராக உட்கார்ந்தால் படி தலையில் இடிக்கும். படுத்தால் ஒன்றும் இல்லை.

அண்ணிக்குக் கால் இப்போது எப்படி இருக்கிறது? படி ஏறி இறங்குகிறாரா? கம்பு வைத்துக்கொண்டா, இல்லாமலேயா? இதை மட்டும் எழுதுங்கள், வேறு ஒன்றும் வேண்டாம்.

தம்பி

மார்ச் 22

தம்பிக்கு,

நான் எப்போதிலிருந்து உனக்கு 'நீங்கள்' ஆனேன்? என் சட்டையைச் சொல்லாமல் போட்டுக்கொண்டு ஊர் சுற்றியபோது வராத மரியாதை, தபாலில் வருகிறது. படித்துவிட்டுச் சிரிப்பதா எரிச்சல்படுவதா என்று தெரியவில்லை.

படம் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் பின்னால் இடம் இல்லை. அங்கே அவள் சக்கர நாற்காலி இருக்கிறது.

இரண்டு வருடம் ஆகிறது, கம்பா கம்பு இல்லாமலா என்று கேட்கிறாய். வலது கால் முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். இடது கால் இருக்கிறது, பேருக்கு. நீ ஊரை விட்டுப் போன மூன்றாவது வாரம் நடந்தது இது. நாற்காலியை மடித்தால் சரியாக சீட்டுக்குப் பின்னால்தான் போய் நிற்கிறது. தொட்டியில் போட்டு மூடிவிடலாமா என்று ஒரு தடவை கேட்டேன். "நான் சரக்கா? என் நாற்காலி மெத்தையோட மெத்தையா வராது" என்றாள். அதன்பிறகு கேட்கவில்லை.

வாரம் இரண்டு நாள் அவளை உடற்பயிற்சிக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறேன். போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம். மூன்று மணி நேரம் நாங்கள் இருவரும் ஒரே கண்ணாடி வழியாக ஒரே ரோட்டைப் பார்த்துக்கொண்டு போகிறோம். நான் எதையாவது ஆரம்பித்தால் "ம்" என்பாள். போன மாதம் பாதி வழியில் அவளாகச் சொன்னாள்: "நமக்குப் பேச ஒண்ணும் இல்லேன்னா பாட்டாவது ஓடட்டும்." பாட்டு கேட்டதன் கதை இதுதான். அவள் ஒன்றும் ஆசைப்பட்டுக் கேட்கவில்லை.

பின்னால் முடியாது. வேறு இடம் சொல். பெரிய தொழில்காரன் ஆயிற்றே, ஒரு இடம்தானா தெரியும்?

அண்ணன்

ஏப்ரல் 2

அண்ணா,

பட்டறையில் இரண்டு நாள் லீவு போட்டேன். எழுதவும் முடியவில்லை, எழுதாமல் இருக்கவும் முடியவில்லை.

எனக்கு யாரும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் நீ "என் கண்ணு முன்னால நிக்காத, போயிடு" என்றாய், போய்விட்டேன். அண்ணிக்கு ப்ளேட் வைத்துத் தைத்திருந்தார்கள், ஆறு மாதத்தில் நடப்பார் என்றுதான் நர்ஸ் சொன்னது. நான் இங்கே அவரை மனதுக்குள் நடக்க வைத்துக்கொண்டே இருந்தேன். முதல் வருடம் கம்போடு, இரண்டாவது வருடம் கம்பு இல்லாமல். அடுப்படியிலிருந்து வாசலுக்கு வந்து என்னைத் திட்டுவதுபோலக்கூட நினைத்துப் பார்ப்பேன்.

நான் செய்த தப்பை எழுதிவிடுகிறேன். ஆம்ப்பை முடுக்கியதும் அந்த சீட்டைத் தள்ளிப் பார்த்தேன். சீட் நகரும் கம்பியில் கடைசி இரண்டு பல் அளவு பின்னால் போகவில்லை. அண்ணி ஏறி உட்கார்ந்து, "கொஞ்சம் முட்டுதே?" என்றார். "உங்க உயரத்துக்கு இது போதும் அண்ணி" என்று சிரித்தேன். வேலை முடிந்துவிட்டது, மறுபடி கழற்றச் சோம்பல். வேறொருத்தர் வண்டியாக இருந்தால் கழற்றியிருப்பேன். நம் வீட்டு வண்டிதானே என்று விட்டேன். அது என் தப்பு, அதை யார் மேலும் போட மாட்டேன்.

ஆனால் ஒன்று கேட்க வேண்டும். வைப்பதற்கு முன்னால் இடத்தைப் பற்றிப் பேசினோமே, அதில் நான் பின்சுவர் என்று சொன்னதாக எனக்கு ஞாபகம். நீ வேண்டாம் என்றாய், தார்ப்பாய் என்று ஏதோ சொன்னாய். இப்படித்தான் என் ஞாபகம். ஆனால் அந்த இடம் என் யோசனைதான் என்று ஆஸ்பத்திரியில் நீ சொன்னாய், அண்ணியின் அக்கா சொன்னார், சகலை சொன்னார், முதலாளிகூடக் கேட்டார், "ஏம்ப்பா அங்க கொண்டுபோய் வெச்ச?" என்று. எல்லோரும் சொல்லச் சொல்ல எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. தப்பித்துக்கொள்வதற்காக நானே கட்டிய கதையோ என்று தோன்றுகிறது. இரண்டு வருடமாக இதைத்தான் உருட்டிக்கொண்டிருக்கிறேன். பஸ்ஸில் ஒரு விளக்கு எங்கே வைப்பது என்றால்கூட மேஸ்திரியிடம் இரண்டு தடவை கேட்டுவிட்டுத்தான் கை வைக்கிறேன்.

என்ன நடந்தது என்று உனக்குத் தெரியும். நான் சொன்னேனா, இல்லையா? ஒரு வரி போதும். திட்டு வேண்டுமானால் கூடவே எழுது.

இடத்துக்கு: மடித்த நாற்காலி எவ்வளவு உயரம், பின்கண்ணாடிக்குக் கீழே எவ்வளவு மிச்சம் என்று அளந்து எழுது. ஒரு சாண் இருந்தாலும் போதும், நாற்காலிக்கு மேலே சுவரில் வைத்துவிடலாம்.

தம்பி

ஏப்ரல் 9

தம்பிக்கு,

பழசைக் கிளறாதே என்று முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். வக்கீல் மாதிரி கேள்வி கேட்கிறாய். யார் என்ன சொன்னார்கள் என்று யார் எழுதி வைத்தார்கள்? போன கால் திரும்பி வந்துவிடுமா?

அளக்க எனக்கு நேரம் இல்லை. கல்யாண சீசன், ஒரு நாளைக்குப் பதினாறு மெத்தை ஏற்றி இறக்குகிறேன். ஆம்ப்பை நானே மாட்டிவிட்டேன், என் சீட்டுக்கு அடியில். நீ சொன்ன மாதிரி ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்தில். தரையில் ட்ரில் போட்டால் கீழே பிரேக் பைப்போ எதுவோ போகிறது என்று பயமாக இருந்தது, அதனால் மெத்தை கட்டும் கயிற்றால் இறுக்கிக் கட்டிவிட்டேன். என் சீட்டும் இரண்டு பல் பின்னால் போகவில்லை, முழங்கால் ஸ்டியரிங்கில் இடிக்கிறது. இடிக்கட்டும். யாருக்கும் இதில் நஷ்டம் இல்லை.

பாட்டு நன்றாகக் கேட்கிறது. பதில் எழுதியதற்கு நன்றி. இனி எழுத வேண்டியதில்லை.

அண்ணன்

ஏப்ரல் 15

அண்ணா,

இது கையில் கிடைத்த அன்றே அதைக் கழற்று. மற்றதெல்லாம் அப்புறம்.

ஓட்டுகிறவர் சீட்டுக்கு அடியில் எதையும் கட்டி வைக்கக் கூடாது. ஆம்ப் சூடாகும், கயிறு தளரும். குண்டும் குழியுமான ரோட்டில் தினமும் அது கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் வரும். ஒரு நாள் இறக்கத்தில் நீ பிரேக் மிதிக்கும்போது பெடலுக்கு அடியில் வந்து உட்காரும். அப்புறம் நீ எவ்வளவு மிதித்தாலும் பெடல் இறங்காது. அது மூன்று கிலோ இரும்பு. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் குதித்துத் தப்பிக்கிறவரும் இல்லை.

உன் முழங்கால் இடிப்பதால் அண்ணிக்கு என்ன கிடைக்கிறது? தண்டனை என்றால் வேறு விதமாக எடுத்துக்கொள்.

நான் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை. எழுதாததும் ஒரு பதில்தான் என்று சில நேரம் நினைக்கிறேன். ஆனால் அப்படி நானாக நினைத்துக்கொள்வதில் என் சந்தேகம் தீர மாட்டேன் என்கிறது. நீ சொல்ல வேண்டும்.

தம்பி

மே 1

தம்பி,

உன் கடிதம் கிடைத்த அன்று நான் கழற்றவில்லை. அடுத்த வாரமும் கழற்றவில்லை. எனக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிறானா என்று ஒரு வீம்பு. சட்டைப் பையில் வைத்தேன், மறந்தேன்.

போன வெள்ளிக்கிழமை காலை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, பாலத்துக்கு முன்னால் அந்த இறக்கத்தில், நீ எழுதியபடியே நடந்தது. மிதித்தேன், கல்லை மிதித்த மாதிரி இருந்தது. கீழே பார்த்தால் கயிறு ஒரு பக்கம், ஆம்ப் பெடலுக்கு அடியில். பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. கியரைக் குறைத்து, கைப்பிரேக்கை இழுத்து, ரோட்டோர மணல் குவியலில் ஏற்றி நிறுத்தினேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அவள் கத்தவில்லை. இரண்டு கையாலும் டாஷ்போர்டைப் பிடித்துக்கொண்டு மீதியிருக்கிற காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்துப் பாட்டை நிறுத்தினாள். "இத இங்க வைக்கச் சொன்னது யாரு?" என்று கேட்டாள்.

நான் யோசிக்கவே இல்லை தம்பி. சத்தியமாக யோசிக்கவில்லை. "உன் கொழுந்தன்தான். வேற யாரு?" என்றேன். வாய் தானாகச் சொன்னது.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அவன் லெட்டர் எல்லாத்தையும் நான் படிச்சிருக்கேன். நீங்க சட்டையக் கழட்டிப் போட்டதும் எடுத்துப் படிப்பேன். இங்க வைக்காதன்னு அவன் கெஞ்சியிருக்கான். நீங்க மாத்தியிருப்பீங்கன்னு நம்பித்தான் ஏறி உக்காந்தேன்" என்றாள்.

நான் குனிந்து பெடலுக்கு அடியிலிருந்து ஆம்ப்பை இழுத்தேன்.

அவளே சொன்னாள்: "அன்னைக்கும் நான் டீயோட வாசல்ல நின்னுக்கிட்டிருந்தேன். பின்னால வைக்கிறேன்னு அவன் மூணு தடவ சொன்னான். தார்ப்பாய எங்க வைக்கிறது, அது வெளிய கெடந்து நனஞ்சா மெத்தையில கறை படியும், கடைக்காரன் சும்மா விடமாட்டான், அவ சீட்டுக்கு அடியிலயே போடுன்னு நீங்கதான் சொன்னீங்க. ஆஸ்பத்திரியில மாத்திச் சொன்னப்ப பயத்துல சொல்றீங்கன்னு விட்டேன். நீங்களா ஒரு நாள் சொல்வீங்கன்னு ரெண்டு வருஷம் இருந்தேன். அவன எழுதிக் கேக்கச் சொன்னதும் அதுக்குத்தான். இப்ப என்னங்க பயம்? யாருக்குப் பயந்து அவன் பேரச் சொன்னீங்க?"

உன் ஒரு வரி இதோ. நீ பின்சுவர் என்றுதான் சொன்னாய். மூன்று தடவை சொன்னாய். சீட்டுக்கு அடியில் என்றது நான்.

ஏன் மாற்றிச் சொன்னேன் என்று கேட்பாய். இடித்ததும் நான்தான், இடத்தைச் சொன்னதும் நான்தான் என்றால், அவள் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று தெரியவில்லை. ஒன்றையாவது இறக்கி வைக்க வேண்டியிருந்தது. நீ பக்கத்தில் நின்றாய். ஒரு வாரம் கழித்துச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். காலை எடுத்த பிறகு சொல்லவே முடியாமல் போய்விட்டது. அதன்பிறகு நானே அதை நம்ப ஆரம்பித்துவிட்டேனோ என்னவோ.

அன்று ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. அவளுடைய அக்கா வீட்டுக்குக் கூட்டிப் போகச் சொன்னாள். போனோம். எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். "எங்கிட்ட சொன்னா போதாது. அவனத் திட்டினவங்க எல்லாரும் இங்கதான் இருக்காங்க, சொல்லுங்க" என்றாள். நின்றுகொண்டே சொன்னேன். அவள் அக்கா சாதக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். சகலை தலையை நிமிர்த்தாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒருவரும் என்னை உட்காரச் சொல்லவில்லை.

அவள் அங்கேயே இருந்துவிட்டாள். "எப்ப வந்து கூட்டிட்டுப் போகட்டும்?" என்று கேட்டேன். "நானே சொல்றேன்" என்றாள். இன்றோடு ஐந்து நாள் ஆகிறது, சொல்லவில்லை. நாற்காலி அவளோடு இருக்கிறது. பின்னால் இப்போது வேண்டிய இடம் இருக்கிறது, ஆனால் ஆம்ப்பைக் கழற்றியது கழற்றியபடி கூடத்தில் கிடக்கிறது.

வீட்டில் நான் மட்டும்தான். நீ வருவதாக இருந்தால் எழுது. வராவிட்டாலும் எழுது.

அண்ணன்

மே 10

அண்ணா,

கடிதத்தில் அந்த ஒரு வரியை மட்டும் எத்தனை தடவை படித்தேன் என்று தெரியவில்லை. கூட இருப்பவன் "என்னடா, லாட்டரியா?" என்று கேட்டான். நான் பின்சுவர் என்றுதான் சொன்னேன். மூன்று தடவை சொன்னேன். எனக்குப் புத்தி பிசகவில்லை.

இது தெரிந்தால் பாரம் இறங்கிவிடும் என்று இரண்டு வருடம் நினைத்திருந்தேன். இறங்கவில்லை. தொழில் தெரிந்தவன் நான், நீ தார்ப்பாய் என்றதும் முடியாது என்று டூல்ஸைக் கீழே போட்டிருக்க வேண்டும். அந்தப் பங்கு என்னோடுதான் இருக்கும்.

சனிக்கிழமை ரயில் ஏறுகிறேன். நேராக அண்ணியைப் பார்க்கத்தான் போகிறேன். நீ பயந்ததற்கும் என் மேல் பழி விழுந்ததற்கும் நடுவில் அவரும் இரண்டு வருடம் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறார். அதைப் பற்றி அவரிடம் கேட்க வேண்டும், அவர் காலடியில் உட்கார்ந்து கேட்க வேண்டும். நீ ஸ்டேஷனுக்கு வராதே. அக்கா வீட்டு வாசலுக்கும் வராதே.

அங்கிருந்து உன்னிடம் வருவேனா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. இத்தனை நாள் என் மேல்தான் கோபமாக இருந்தேன், அதனால் உன் மேல் கோபப்பட எனக்கு வழி தெரியாமல் இருந்தது. இனிமேல்தான் அது வரப்போகிறது என்று நினைக்கிறேன். நேற்று ஒரே விளக்கை மூன்று தடவை தப்பாக மாட்டினேன், மேஸ்திரி என்னை ஏணியில் ஏற வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அந்தக் கோபம் வந்து தீரும்வரை எனக்கு எழுதாதே.

தம்பி